பூவாத்தாள் தொட்டியில் முளைத்தது

குழாய்ச் சத்தம் வரலை. இன்னும் வரலை. வர வேண்டாம் சாமி, இப்படியே இருக்கட்டும். தாரணி எந்திரிச்சு பாத்ரூமுக்கு ஓடுச்சுன்னா முதல்ல குழாயைத்தான் திருகும், ஓங்கரிக்கிற சத்தம் மாமனார் காதுல விழக்கூடாதாம், பக்கெட் நெறைஞ்சு தரையில ஓடினாலும் நிறுத்தாது. விழாம இருக்குமா? பையன் யுவராஜ் ஓசூர்ல வேலை பாக்கறான், வாரக்கடைசியில வந்துட்டுப் போறவன், மத்த நாளெல்லாம் இந்த மூணாவது மாடி வீட்டுல நானும் மருமகளும்தான், ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாக்கூட யாரு போட்டதுன்னு தெரியற வீடு. அதனால எனக்கு ஒண்ணும் கேக்கலைங்கற மாதிரி நானும் டீவியைச் சத்தமா வெச்சுக்குவேன். அது குழாயைத் திறக்கும், நான் டீவியைக் கூட்டுவேன், இப்படி ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்திக்கிட்டே இந்த மாசம் பூராவும் ஓடுச்சு. இன்னைக்கு டீவி போடலை. போட்டா குழாய் கேக்காது. பால்கனியில தொட்டிக்குப் பக்கத்துல சேரைப் போட்டு உக்காந்துட்டேன், உடம்பு இங்கே, காது உள்ளே. நாலு வாய் தயிர்ச்சோறு தின்னுருக்குது புள்ள. நாலா, அஞ்சா, எண்ணக்கூடாது, கண்ணு பட்டுரும். எத்தனை நேரமாச்சுன்னு கடிகாரத்தைப் பாக்கவும் பயமா இருக்குது. எனக்கு எந்தக் காலத்துல நேரம் கடிகாரத்துல ஓடுச்சு, ரோட்டுலதான் ஓடுச்சு. பொள்ளாச்சி வால்பாறை ரூட்டுல கண்டக்டரா இருந்தவனுக்கு எல்லாமே ஸ்டாப்புதான். புள்ள வட்டலை வெச்சுட்டுக் கை கழுவினப்ப பஸ்ஸு பொள்ளாச்சி ஸ்டாண்டை விட்டுக் கெளம்புச்சுன்னு வெச்சுக்கிட்டா, இந்நேரம் ஆழியார் வந்திருக்கும். ஆழியார் வரைக்கும் சமதரை. அதுக்கப்புறம்தான் மலை.

மலையில யாரு வாந்தி எடுப்பாங்கன்னு நான் ஆழியார்லயே சொல்லிருவேன். முதல்ல பேச்சு நிக்கும். பக்கத்துல இருக்கறவங்க என்ன சொன்னாலும் சும்மா தலையை ஆட்டுவாங்க. அப்புறம் எச்சி முழுங்குவாங்க, மேலுதட்டுல வேர்க்கும், கண்ணு ஜன்னலுக்கு வெளியே இருக்கும், ஆனா எதையும் பாக்காது. அப்பப் போயி எலுமிச்சம்பழத்தைக் கையில குடுத்துரோணும். முன்சீட்டுக்கு மாத்தி உக்கார வெக்கோணும். எந்த எஸ்டேட்டு, யாரு வீட்டுக்குப் போறீங்கன்னு பேச்சுக் குடுக்கோணும். என்ற தோல்பையில டிக்கெட்டுக் கட்டோட எப்பவும் எலுமிச்சம்பழம் கெடக்கும், சில்லறையெல்லாம் அந்த வாசம்தான். அத்தனை ஜனத்தை மலை ஏத்தி எறக்கினவன், சொந்த மருமகளுக்கு ஒண்ணும் பண்ண முடியலையே. எலுமிச்சம்பழத்தை நீட்டினேன், அந்த வாசமே ஆகலைன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. இஞ்சி தட்டிக் குடுத்தேன், நார்த்தங்காய் குடுத்தேன், பொரி குடுத்தேன். தாளிக்கிற வாசம் ஆகாதுன்னு வீட்டுல தாளிப்பே நின்னு போச்சு. என்ற மூக்குப்பொடி ஆகாதுன்னு அது வாய் விட்டுச் சொல்லலை, நான் பக்கத்துல போனா அரை அடி பின்னால போச்சு, எனக்குப் புரியாதா, அன்னைக்கே டப்பியைத் தூக்கி வீசிட்டேன், வாலிபத்துல பழகின பொடி. அதுக்கும் ஒண்ணும் நடக்கலை. வெறும் தண்ணி குடிச்சா தண்ணியும் வெளிய வருது. கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு பச்சை பேசின், அது பாட்டுக்கு எந்நேரமும் அங்கேயே. வளையல் கழண்டு முழங்கை வரைக்கும் ஏறுது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு, எத்தனை டாக்டரு, எத்தனை கோயிலு, அப்புறம் வந்து நின்னது. முந்தாநாள் டாக்டரம்மா மூஞ்சியை இறுக்கமா வெச்சுக்கிட்டு, உடம்புல தண்ணியே இல்லை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாருங்க, அதுக்குள்ள சாப்பிட்டது வயித்துல நிக்கலைன்னா சேத்துருங்க, இப்படியே விட்டா குழந்தைக்கு நல்லதில்லைன்னு சொல்லிருச்சு. நல்லதில்லை. என்ற சம்சாரம் பூவாத்தாளுக்கு முதல்ல உண்டானது நிக்காம போச்சே, அப்பவும் ஒரு டாக்டர் இந்த வார்த்தையைத்தான். ச்சீ, அதை எதுக்கு இப்ப. அக்கட்டால போ.

எங்கயோ தண்ணி ஓடுது. இல்லை, மேல் வீட்டுல துணி துவைக்கிறாங்க, குழாய் செவுத்துக்குள்ள எறங்குது. நம்ம வீட்டுக் குழாய்க்கு முதல்ல ஒரு கீச்சுச் சத்தம் வரும், வாசர் போயிருச்சு, மாத்தோணும் மாத்தோணும்னு மாத்தலை. மாத்தாததும் நல்லதாப் போச்சு, இல்லைன்னா எது நம்மதுன்னு தெரியாது. ஆழியார் தாண்டி, குரங்கருவி தாண்டி, ஒம்பதாவது வளைவுல பஸ்ஸு ஏறிட்டிருக்குது. அங்கதான் நெறையப் பேரு எடுப்பாங்க. டிரைவர் சித்தெ நேரம் நிறுத்துவாரு, கீழ ஆழியார் டேம் தட்டுல ஊத்தின தண்ணியாட்டம் தெரியும், நான் யாரு தலையையாவது பிடிச்சுக்கிட்டு நிப்பேன். ஒம்பதைத் தாண்டிட்டா பாதி பயம் போச்சு. தாண்டட்டும். இந்தக் காத்துல தொட்டியில இலை ஆடுது பாரு. கிள்ளின இடம் ஈரமா இருக்குது. இன்னைக்கு வெள்ளிக்கிழமையும் அதுவுமாக் கிள்ளிட்டேன்.

இந்தத் தொட்டி பூவாத்தாளோடது. காரமடைப் பெருமாள் பேரைச் சொல்லாம காபி குடிக்க மாட்டா. கோட்டூர்ல வாடகை வீட்டுல இருந்தப்பவும் சரி, இந்தக் கோயமுத்தூர் பிளாட்டுக்கு வந்தப்பவும் சரி, மத்த சாமான் வண்டியில வந்துச்சு, துளசித் தொட்டி அவ மடியில வந்துச்சு. அவ போனதுக்கப்புறம் நான் தண்ணி ஊத்தினேன். அதுக்கு என்ற கை பிடிக்கலை, ஒவ்வொரு இலையாக் கொட்டிட்டு வெறும் குச்சியா நின்னுருச்சு. குச்சியைப் பிடுங்க எனக்கு மனசு வரலை. இந்தக் கோடை கடைசியில ஒருநாள் காத்தால பாத்தா, குச்சிக்குக் கீழ பச்சையாக் கூட்டமா எதுவோ எந்திரிச்சு நிக்குது. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. எப்பவோ உதிர்ந்து கெடந்த விதை முளைச்சுருச்சு, பூவாத்தா திரும்பி வந்துட்டான்னு அந்த இடத்துலயே உக்காந்து அழுதுட்டேன். ஆமா, அழுதேன், யாரு பாத்தா என்ன. அன்னையிலிருந்து தொட்டிக்கு மஞ்சள், குங்குமம், பொழுதோட விளக்கு. சுத்தி வரப் பால்கனியில இடமில்லை, அதனால நின்ன இடத்துலயே நான் சுத்திக்குவேன், எதிர் பிளாட்டுக்காரர் பாத்துட்டுச் சிரிச்சாரு, சிரிச்சுட்டுப் போறாரு. அரிசி களைஞ்ச தண்ணி ஊத்த ஊத்த இலை ஒவ்வொண்ணும் தளதளன்னு, அவ துளசியில நான் பாக்காத அகலம். அப்பவாச்சும் யோசிச்சிருக்கோணும். நான் என்னத்தை யோசிச்சேன், அவளும் குண்டுதானே, பூரிச்சுட்டா மவராசின்னு நினைச்சுக்கிட்டேன். பொடி போட்டுப் போட்டுச் செத்த மூக்குக்கு வாசம் எங்க தெரியுது. இலையைத் தொடவும் இல்லை. செவ்வாய் வெள்ளி பறிக்கப்படாது, ஞாயித்துக்கிழமை ஆகாது, துவாதசி ஆகாது, பொழுது சாஞ்சா கை வெக்கப்படாது, குளிக்காம கிட்டயே போகப்படாதுன்னு அவ சட்டம் போட்டு வெச்சிருந்தா, எங்க டெப்போவுலகூட அத்தனை சட்டம் இல்லை. பறிக்கலாம்ங்கற நாள்லயும் எனக்குக் கை வரலை, அவ தலைமுடியைப் பிடுங்கற மாதிரி இருக்கும்.

அதுகிட்டப் பேசுவேன். இப்ப நினைச்சா மானம் போகுது, ஆனா பேசுவேன். தக்காளி என்ன விலை, முட்டி எப்படி வலிக்குது, யுவராஜ் போன் பண்ணினானா இல்லையா, எல்லாம். மருமக முழுகாம இருக்கறதை நான் முதமுதல்ல சொன்னதே இதுகிட்டத்தான். அப்புறம் இந்த வாந்தி ஆரம்பிச்சப்ப தினமும் கெஞ்சினேன், ஏ பூவாத்தா, நீ இருந்தா என்னமாச்சும் கஷாயம் வெச்சுக் குடுத்திருப்பே, நான் ஆம்பளை, அந்தப் புள்ளகிட்ட என்ன வேணும்னு முழுசாக் கேக்கக்கூடத் தெரியலை, நீதான் கூட இருந்து பாத்துக்கோணும்னு. தாரணியும் பொழுதோட எந்திரிச்சு வந்து, செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு, இதுக்கு மேல குனிஞ்சு கண்ணை மூடி ரொம்ப நேரம் நிக்கும். நான் உள்ளே போயிருவேன், புள்ள அத்தையைக் கும்பிடுது, நாம நடுவுல நிக்கக்கூடாதுன்னு. அந்த நேரம் மட்டும் அது குழாயைத் திறக்காது. அதையும் நான் கவனிச்சேன். கவனிச்சு என்ன பிரயோசனம், பூவாத்தாளோட சக்தின்னுட்டு அதுக்கும் ஒரு கற்பூரம் ஏத்தினேன்.

அட்டகட்டி. அட்டகட்டி வந்திருக்கும். டீக்கடையில நிப்பாங்க, எடுத்தவங்க முகம் கழுவுவாங்க, எடுக்காதவங்க வடை தின்பாங்க. உள்ளே சத்தமே இல்லை. ரொம்பச் சத்தமில்லாம இருந்தாலும் பயமா இருக்குதே. பேச்சு நின்னா அடுத்தது எச்சி முழுங்கறது. எட்டிப் பாக்கலாமா, கதவு ஒருக்களிச்சுத்தான் இருக்குது. மாமனார் போயி எட்டிப் பாக்கறதா? உக்காரு சென்னியப்பா. உன்ற வேலை உக்காந்திருக்கறது. காத்தால என்ன சாமர்த்தியம் பண்ணிக் கிழிச்சே? ஆஸ்பத்திரிக்குன்னு பையில துண்டு, சோப்பு, பிளாஸ்க்கெல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு இருந்தேன். எப்படியும் சேக்கறதுதான்னு முடிவே பண்ணிட்டேன். அப்பத்தான் தாரணி சால்வையைப் போத்திக்கிட்டு வந்து நின்னுச்சு. பையைப் பாத்துச்சு. என்னைப் பாக்கலை.

"மாமா, அந்தச் செடியில நாலு இலை பறிச்சுக்கட்டுங்களா?"

வெள்ளிக்கிழமை கண்ணுன்னேன். வாய் முந்திக்கிச்சு. உங்க அத்தை வெள்ளிக்கிழமை பறிக்க விட மாட்டாளே, நாளைக்குப் பறிச்சுக்கலாமேன்னேன். செத்துப் போற மாதிரி ஒரு புள்ள நாலு இலை கேக்குது, நான் கிழமை சொல்றேன், என்னையெல்லாம் எதுல சேக்கறது. அது ஒண்ணும் கோவிச்சுக்கலை. கதவுல சாஞ்சு மூச்சு வாங்கிட்டு, தரையைப் பாத்துக்கிட்டே மெதுவாச் சொல்லுச்சு. "அது துளசி இல்லீங்க மாமா. சப்ஜா விதை இருக்குதில்லீங்களா, அதோட செடி. பேசில்னு சொல்லுவாங்க." நான் செடியைப் பாத்தேன், புள்ளையைப் பாத்தேன். பூக்கடையில மாலைக்கு நடுவுல வெச்சுக் கட்டுவாங்களே திருநீத்துப் பச்சை, அந்தச் சாதிதானுங்கன்னு அது மறுபடியும் சொல்லுச்சு, எனக்குப் புரியலைன்னு நினைச்சுக்கிச்சு போல. புரிஞ்சுது. புரிஞ்சதுனாலதான் நின்னேன். உனக்கு எப்பத் தெரியும்னு கேட்டேன். இலை விட்டப்பவே வாசத்துல தெரிஞ்சுருச்சாம். வாந்தி ஆரம்பிச்சதுல இருந்து இந்த ஒரு வாசத்துக்குத்தான் வயிறு அடங்குதாம், அதுக்குத்தான் பொழுதோட வந்து மோந்துட்டு மோந்துட்டுப் போகுமாம். தயிர்ச்சோத்துல கிள்ளிப் போட்டா எறங்கும்னு தோணிட்டே இருந்துச்சாம். தோணிட்டே இருந்துச்சுன்னா ஏன் கண்ணு இத்தனை நாளாச் சொல்லலை, உசுரு போற வரைக்கும் சும்மா இருப்பியான்னு கொஞ்சம் சத்தமாவே கேட்டுட்டேன்.

"நீங்க அத்தைகிட்டப் பேசற மாதிரி அதுகிட்டப் பேசிட்டிருந்தீங்க. அப்ப எப்படிங்க மாமா சொல்றது?"

பையைக் கீழ வெச்சுட்டேன். போயிக் கை வெச்சேன். துளசி இல்லைன்னு தெரிஞ்சும் கன்னத்துல போட்டுக்கிட்டேன். ஒவ்வொரு இலையா ஓரமாப் பறிச்சேன். தாரணி கதவுல நின்னுக்கிட்டே, அப்படி வேண்டாமுங் மாமா, நுனியோட கிள்ளுங்க, பூக்கதிரை விட்டுட்டா அப்புறம் இலை சிறுத்துப் போயிரும், நுனியைக் கிள்ளினா அந்த எடத்துல ரெண்டாப் பிரிஞ்சு வரும்னுச்சு. கதிரு வந்தா லட்சுமின்னு பூவாத்தா சொல்லுவா, நான் அந்தக் கதிருக்கெல்லாம் தனியாப் பொட்டு வெச்சிருந்தேன். குங்குமத்தோட கிள்ளினேன். கிள்ளினதும் விரல்ல ஒரு வாசம் ஏறுச்சு பாரு. கிராம்பா, சோம்பா, ரெண்டும் இல்லை, பச்சையா, காரமா, நெத்தி வரைக்கும் போச்சு. மூக்கு முழிச்சுக்கிச்சு. பொடியை விட்டு ஒரு மாசம் ஆச்சில்ல, அதான். அட, இத்தனை வாசத்தையா நான் தினமும் சுத்திச் சுத்தி வந்தேன், ஒண்ணும் தெரியாம. அலசிக் கிள்ளிச் சோத்துல போட்டேன், அது சாப்புட்டுச்சு, நான் வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான் நடந்தது.

வாட்டர்பால்ஸ் எஸ்டேட் தாண்டியாச்சு. தேயிலை வாசம் வர எடம். குழாய் இன்னும் கீச்சுங்கலை. ஆனா ஒண்ணு, சப்ஜா எப்படி இந்தத் தொட்டிக்கு வந்துச்சுன்னு அது சொல்லலை, நானும் கேக்கலை. கேக்க வேண்டியதே இல்லை. கோடையில எனக்குச் சூடு பிடிச்சுக்கிட்டு உக்கார முடியாம கஷ்டப்பட்டப்ப, புள்ள பாவம் தினமும் டம்ளர்ல சப்ஜாவை ஊற வெச்சு, சக்கரை போட்டு, கொண்டுவந்து குடுக்கும். வழவழன்னு தவளை முட்டையாட்டம், தொண்டையில எறங்கினாத்தானே. வேண்டாம்னு சொன்னா மனசு கஷ்டப்படும், அத்தை இல்லாத வீட்டுல மாமனாரைக் கவனிச்சுக்கறேன்னு அதுக்கு ஒரு பெருமை. அதனால ஒரு வாய் வாயில வெச்சுக்கிட்டு, பேப்பர் படிக்கறேன்னு பால்கனிக்கு வந்து, மிச்சத்தை அப்படியே பட்டுப் போன தொட்டியில ஊத்திட்டு, நல்லா இருந்துச்சு கண்ணுன்னு டம்ளரைக் கொண்டுபோயிக் குடுத்துருவேன். கோடை பூராவும். போதாதா? நான் ஊத்தினதுதான் முளைச்சிருக்குது. எனக்குப் பிடிக்காம கீழ கொட்டினதுக்கு நானே பொட்டு வெச்சு, நானே விளக்கு வெச்சு, நானே பொண்டாட்டின்னு பேசியிருக்கேன். சிரிப்பு வருது. சிரிப்பு வந்துட்டே இருக்குது, அப்புறம் பாத்தா சிரிப்பு நின்னு போச்சு. ஏன்னா அப்பப் பூவாத்தா வரலை. அவ்வளவுதான் விசயம். இத்தனை மாசம் அவ இங்கே இருக்கான்னு நினைச்சு நான் பொழுதைத் தள்ளினேன், அவ வரவே இல்லை. தக்காளி விலையை யாரும் கேக்கலை. இன்னைக்குப் பொழுதோட விளக்கை வெக்கறதா வேண்டாமா? திரி போட்டு எண்ணெய் ஊத்தி எல்லாம் அப்படியே இருக்குது. வெக்காம விட்டாலும் கை சும்மா இருக்காதே. அவகிட்டக் கேட்டா என்ன சொல்லுவா, உங்களுக்கு என்னைக்குத்தான் புத்தி வந்துச்சு, புள்ள தின்னுச்சா இல்லையா அதைச் சொல்லுங்கம்பா. தின்னுச்சு பூவாத்தா. தின்னுட்டுப் படுத்திருக்குது. கவர்க்கல்லு வந்துருச்சு, பஸ்ஸு பனிக்குள்ள போகுது, ஒண்ணும் தெரியலை, டிரைவர் லைட்டைப் போட்டுட்டு ஊந்துக்கிட்டுப் போறாரு. இங்க தாண்டிட்டா ரொட்டிக்கடை, அப்புறம் வால்பாறைதான். இங்க தாண்டிட்டா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க, என்ற சர்வீஸ்ல ஒருத்தரு எடுத்ததில்லை.

கீச்சுன்னுச்சு. குழாய்.

போச்சு. எல்லாம் போச்சு. எந்திரிச்சுட்டேன், சேர் பின்னால சாஞ்சு விழுந்துருச்சு, பிளாஸ்க்கை எங்க வெச்சேன், ஆட்டோவுக்குச் சொல்லோணும், யுவராஜுக்கு என்னன்னு சொல்றது. பேருக்குத்தான் நாலு வாய், அதுவும் நிக்கலை, இலையாவது மண்ணாவது. இரு. இரு சென்னியப்பா. ஓங்கரிக்கிற சத்தம் எங்கே? தண்ணி ஓடுது, நின்னுருச்சு. அது ஒரு நாளும் இத்தனை வெசயாக் குழாயை மூடாது. டம்ளர்ல ஸ்பூன் மோதற சத்தம். பாத்ரூம்ல எதுக்கு ஸ்பூன்? அடக் கெரகமே, அடுப்படிக் குழாயும் கீச்சுங்கும், அதுக்கும் வாசர் போயித்தான் கெடக்குது, இத்தனை வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். முருகா, காரமடை அப்பா, யாரா இருந்தாலும் சரி, நெம்ப நன்றி. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கண்ணுல தண்ணி முட்டுது, துண்டு ஆஸ்பத்திரிப் பையில இருக்குது, வேட்டியிலயே தொடைச்சுக்கிட்டேன்.

தாரணி வந்துச்சு. முகத்துல தூங்கின களை, தலைமுடி ஒரு பக்கம் அமுங்கியிருக்குது. உதடு காயாம இருந்துச்சு. இடுப்புல அந்தப் பச்சை பேசினை இடுக்கிக்கிட்டு வருது. நான் பேசினுக்குள்ளதான் பாத்தேன், எனக்கு வேற எங்கயும் பாக்கத் தெரியலை. காஞ்சு கெடந்துச்சு, ஒரு சொட்டு இல்லை. சட்டியில இருந்த மீதிச் சோத்தையும் தின்னுட்டேனுங்க மாமா, உங்களுக்கு இல்லை, வேற வடிக்கோணும்னுச்சு. எனக்கு எதுக்குச் சோறு, எனக்கு வயிறு நெறைஞ்சுருச்சு. சரி கண்ணுன்னு மட்டும் சொன்னேன். பேசினைத் தொட்டிக்குப் பக்கத்துல வெச்சுட்டு, இதுல மண்ணைப் போட்டு இன்னும் கொஞ்சம் வெக்கலாமுங்களா, ஒரு தொட்டி எனக்குப் பத்தாதுங்கன்னு கேட்டுச்சு. அடியில ஓட்டை போடோணும், ஆணியைச் சுட வெச்சுப் போட்டுத் தரேன்னேன். அது இன்னும் நகராம நின்னுச்சு. மறு கையில ஒரு டம்ளர். சப்ஜா, ஊறி உப்பி, மேல வரைக்கும் நெறைஞ்சு. இந்த நேரத்துல எனக்குன்னு ஊறப் போட்டிருக்குது பாரு. இன்னைக்கு எதைக் குடுத்தாலும் குடிச்சுருவேன், தவளை முட்டையே குடுத்தாலும் குடிச்சுருவேன். ரெண்டு கையாலயும் வாங்கி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, வாய்க்குக் கொண்டுபோனேன்.

"குடிக்க வேண்டாமுங் மாமா," தாரணி சொல்லுச்சு. "எப்பவும் போல ஊத்திருங்க."